கிளிமஞ்சாரோ: எந்த வழி என்பதற்கு முன் எத்தனை ராத்திரி என்று கேளுங்கள்

தங்கையும் அவள் கணவரும் அடுத்த வருடம் தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலை ஏறப் போகிறார்கள். போன வாரம் அவள் எனக்கு ஒரு அட்டவணை அனுப்பினாள். ஆறு வழிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர், எந்த நிறுவனம் என்ன விலை சொல்கிறது என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் "அக்கா, நீ ரெண்டு தடவை போனவ, எதுன்னு நீயே சொல்லிடு" என்று ஒரு வரி. அட்டவணை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டம் விடுபட்டிருந்தது: ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்கிற கட்டம். அதைச் சேர்த்துவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். அவளுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் தடவை நான் போனது மராங்கு வழியில், ஐந்து நாள் திட்டத்தில். இருந்ததிலேயே மலிவு அதுதான், லீவும் அவ்வளவுதான் கிடைத்தது. உடம்பைத் தயார் செய்யாமல் போகவில்லை. ஆறு மாதம் தினமும் நடந்து, வாரக் கடைசியில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கி, மூச்சு வாங்காமல் ஏறும் அளவுக்கு வந்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை கிபோ குடிலில் சூப்பின் வாடை பட்டதுமே குமட்டியது. நள்ளிரவில் கிளம்பி, விடிகிற நேரத்தில் எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் கில்மன் முனையைத் தொட்டுவிட்டேன், 5,685 மீட்டர். உச்சி அங்கிருந்து 210 மீட்டர்தான் மேலே. அங்கே வழிகாட்டி என்னை ஒரு காலின் குதிகாலை மறு காலின் கட்டைவிரலில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழ்நோக்கித் திருப்பினார். அழுதேன், கெஞ்சினேன், அவர் அசையவில்லை. அவர் செய்ததுதான் சரி. அந்த உயரத்தில் தள்ளாட்டம் என்பது மூளை வீங்கத் தொடங்குவதன் அறிகுறி, அதற்கு மருந்து இறங்குவதுதான்.

நான்கு வருடம் கழித்து, வயதும் நான்கு கூடி, பயிற்சியும் முன்னைவிடக் குறைந்த நிலையில், லெமோஷோ வழியில் எட்டு நாள் திட்டத்தில் போனேன். உச்சியில் நின்று பிஸ்கட் சாப்பிட்டேன், ஏனென்றால் பசித்தது. 5,895 மீட்டரில் பசி எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதல் தடவை குமட்டலோடு திரும்பியவளுக்குத்தான் தெரியும். உச்சிக்குக் கிளம்பும் முன் மலையில் நான் கழித்த ராத்திரிகள் இரண்டு மடங்கு. அதுதான் வித்தியாசம்.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜன் பாதியாகிவிடுகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு ஆழமாகும், அதனால் இரத்தத்தில் ஏறும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்யும், அப்புறம் மெதுவாக சிவப்பணுக்கள் கூடும். ஆனால் இதெல்லாம் நாள் கணக்கில் நடக்கிற வேலை, கால் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாரத்தான் ஓடுகிற இளைஞன் வாந்தியெடுத்துத் திரும்புவதும், அறுபது வயதுக்காரர் நிதானமாக உச்சிக்குப் போவதும் அங்கே சாதாரணம். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும். பகலில் அதைவிட மேலே போய்வரலாம், போய்வருவது நல்லதும்கூட. ராத்திரி தலை சாய்க்கிற இடம்தான் கணக்கு.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு வழிகளைப் பாருங்கள்.

மராங்கு வாசல் ஏறக்குறைய 1,860 மீட்டர். முதல் ராத்திரி மண்டாரா குடில், 2,720. இரண்டாவது ராத்திரி ஹோரோம்போ, 3,720. மூன்றாவது கிபோ குடில், 4,720. முதல் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆயிரம் மீட்டர், அதாவது விதியைப் போல இரண்டு மடங்கு. கிபோவில் தூங்குவதும் பெயருக்குத்தான், நள்ளிரவுக்கு முன்னால் எழுப்பிவிடுவார்கள். பாதை என்னவோ மற்ற எல்லா வழிகளையும்விடச் சீரானது, ஏற்றமும் மெதுவானது, அதனால்தான் இதற்கு 'கோகோ கோலா வழி' என்று பட்டப்பெயர். சுலபம் என்று நினைத்து எடுக்கிறவர்கள் பாதையைப் பார்க்கிறார்கள், உயரத்தைப் பார்ப்பதில்லை, நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆறு நாள் திட்டம் என்றால் ஹோரோம்போவில் இரண்டு ராத்திரி கிடைக்கும், இடைப்பட்ட பகலில் வரிக்குதிரைப் பாறை வரை ஏறிவிட்டு வரலாம். அது ஐந்து நாளைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் ஹோரோம்போவிலிருந்து கிபோவுக்கு அந்த ஆயிரம் மீட்டர் தாவல் அப்படியேதான் இருக்கிறது. கூடாரத்தில் படுக்கவே மாட்டேன் என்கிறவர்களுக்கு இந்த ஒரு வழிதான், ஏனென்றால் குடிலும் கட்டிலும் இங்கே மட்டும்தான் உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஆறு நாளுக்குக் குறையாமல் எடுங்கள். ஐந்து நாள் திட்டத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மலிவாகக் கிடைத்தாலும் சொல்ல மாட்டேன்.

மச்சாமே வழிதான் அதிகம் பேர் போகிறது. தென்மேற்கிலிருந்து ஏறும். முதல் ராத்திரி சுமார் 2,850, இரண்டாவது ஷிரா குகை முகாம் சுமார் 3,800, அப்புறம் மூன்றாம் நாள் தான் இந்த வழியின் பலம்: காலையில் ஏறி 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாவா டவர் என்கிற பாறைக்கோபுரத்தின் அடியில் மதியச் சாப்பாடு, பிறகு மாலைக்குள் 3,960 மீட்டரில் இருக்கும் பாரங்கோ முகாமுக்கு இறக்கம். முந்தின ராத்திரி படுத்த இடத்தைவிட 160 மீட்டர்தான் கூடுதல், ஆனால் உடம்பு 4,600-ஐப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. 'மேலே ஏறு, கீழே படு' என்று மலையேறுகிறவர்கள் சொல்வது இதைத்தான். லாவா டவரில் பாதிப் பேருக்குத் தலை வலிக்கும், பயப்பட வேண்டாம், இறங்க இறங்கக் குறைந்துவிட்டால் நல்ல சகுனம்.

ஆறு நாள் மச்சாமேயில் பாரங்கோவிலிருந்து ஒரே நாளில் கரங்காவைத் தாண்டி 4,670 மீட்டர் பாராஃபு முகாமுக்குப் போய், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஏழு நாளில் கரங்காவில் ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடைக்கும், சுமார் 4,000 மீட்டர். அந்த ஒரு ராத்திரியால் இரண்டு நன்மை. பழகுவதற்கு நேரம், அதோடு பாராஃபுவுக்கு மதியமே போய்ச் சேர்ந்து ஐந்தாறு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்கலாம். மச்சாமே எடுப்பவர்கள் ஏழு நாளைத்தான் எடுக்க வேண்டும்.

லெமோஷோ மேற்கிலிருந்து வருகிறது. முதல் ராத்திரி காட்டுக்குள் ம்டி ம்குப்வா முகாம், சுவாஹிலியில் பெரிய மரம் என்று அர்த்தம், சுமார் 2,650 மீட்டர். பிறகு ஷிரா ஒன்று, 3,500. ஷிரா இரண்டு, 3,850. அதற்குப் பிறகு லாவா டவரைத் தொட்டுவிட்டு பாரங்கோ, கரங்கா, பாராஃபு என்று மச்சாமேயோடு சேர்ந்துவிடும். எட்டு நாள் திட்டத்தில் படுக்கும் உயரத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 2,650, 3,500, 3,850, 3,960, 4,000, 4,670. இரண்டாம் நாளிலும் கடைசி நாளிலும்தான் விதி மீறுகிறது, நடுவில் மூன்று ராத்திரி ஏறக்குறைய ஒரே உயரம். உடம்பு பழகுவது அந்த நடு ராத்திரிகளில்தான். முதல் இரண்டு நாள் ஆள் நடமாட்டமும் குறைவு, ஷிரா பீடபூமியைக் குறுக்காகக் கடக்கும்போது எதிரே கிளிமஞ்சாரோவின் முக்கியச் சிகரமான கிபோ முழுசாகத் தெரிகிற காட்சி ஒன்று இருக்கிறது, அதற்காகவே இன்னொரு தடவை போவேன்.

இந்த இரண்டு வழிக்காரர்களும் பாரங்கோ சுவரைத் தாண்ட வேண்டும். சுமார் 250 மீட்டர் உயரம், படங்களில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கயிறு தேவையில்லை, கையையும் பயன்படுத்தி ஏறுகிற பாறைப் படிகள்தான். ஒரு இடத்தில் மட்டும் உப்பிய பாறையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மார்பை ஒட்டி வைத்து நகர வேண்டும், 'முத்தப் பாறை' என்பார்கள். நான் அதைத் தாண்டி மூச்சு வாங்க நின்றபோது, தலையில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒருவர் கை வைக்காமலேயே என்னைக் கடந்து போனார். அவ்வளவு முட்டையும் முழுசாக மேலே போய்ச் சேர்ந்தது, மறுநாள் காலை என் தட்டில் ஒன்று இருந்தது. உயரம் கண்டால் தலை சுற்றுகிறவர்கள் மட்டும் இந்தச் சுவரை யோசித்துக்கொள்ளுங்கள்.

ரொங்காய் வடக்கிலிருந்து, கென்யா எல்லைப் பக்கமாக ஏறும். மழை மறைவுப் பக்கம் என்பதால் மற்ற வழிகளைவிட ஈரம் குறைவு, ஏற்றமும் சீராக இருக்கும், சுவர் எதுவும் கிடையாது. ஆறு நாள், ஏழு நாள் என இரண்டும் உண்டு. ஏழு நாளில் மாவென்சி சுனை முகாமில் இரண்டு ராத்திரி, 4,300 மீட்டர் உயரத்தில், எதிரே கிளிமஞ்சாரோவின் இன்னொரு கூம்பான மாவென்சியின் கூரான கருப்புச் சிகரங்கள். அங்கேயிருந்து கிபோ குடிலுக்கு 400 மீட்டர்தான் கூடுதல். ஆனால் அந்த 4,300-க்கு மூன்றாம் நாளே வந்துவிடுகிறோம், அதுதான் இதன் குறை, அங்கே முதல் ராத்திரி பலருக்குக் கஷ்டமாக இருக்கும். இறங்குவது மராங்கு வழியாக. மழை வரக்கூடிய மாதத்தில்தான் லீவு கிடைக்கும் என்கிறவர்களுக்கு ஏழு நாள் ரொங்காய்தான் என் பதில்.

வடக்குச் சுற்று என்கிற வழி லெமோஷோவில் தொடங்கி, தெற்கே திரும்பாமல் மலையின் வடக்கு முகத்தைச் சுற்றி வந்து கிழக்கிலிருந்து உச்சிக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்பது நாள், 90 கிலோமீட்டர் அளவு. மோயிர் முகாம் 4,200, பஃபலோ 4,000, மூன்றாம் குகை 3,900 என்று நாலாயிரத்தை ஒட்டியே பல ராத்திரி. உடம்பு பழகுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை மிஞ்ச எதுவுமில்லை. நாளும் பணமும் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

உம்ப்வே செங்குத்து, சீக்கிரம் உயரம் ஏறுகிறது, ஏற்கெனவே உயரமான மலைகளில் பழகியவர்களுக்கானது, முதல் தடவைக்கு வேண்டாம். மேற்குப் பிளவு என்கிற வெஸ்டர்ன் பிரீச் வழியாக உச்சிக்கு ஏற்றிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2006 ஜனவரியில் அங்கே பாறை சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். உச்சிக்குப் போக வேறு வழி இருக்கும்போது அந்த ஆபத்தை எடுக்கக் காரணமே இல்லை.

சரி, பணம். கூடுதல் நாள் என்றாலே கூடுதல் செலவு, அது ஏன் என்று தெரிந்துகொண்டால் விலைப்பட்டியலைப் படிப்பது சுலபம். 1991 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கிளிமஞ்சாரோ ஏற முடியாது, அதனால் ஏதாவது ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டவர் கட்ட வேண்டிய கட்டணம் பல வருடமாக இப்படி: ஒரு நாளைக்குப் பாதுகாப்புக் கட்டணம் 70 டாலர், முகாமில் ஒரு ராத்திரிக்கு 50 டாலர், குடில் என்றால் 60, மீட்புக் கட்டணம் ஒரு பயணத்துக்கு 20, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வரி. கிளம்புகிற வருடத்தின் கட்டணத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டு நாள் லெமோஷோவுக்குக் கூட்டினால் 560, 350, 20, ஆக 930. வரியோடு ஏறக்குறைய 1,100 டாலர். இது நிறுவனத்தின் கைக்கே வராத பணம்.

இப்போது 'எட்டு நாள் லெமோஷோ, 1,400 டாலர்' என்கிற விளம்பரத்தைப் பாருங்கள். மிச்சம் 300 டாலரில் உங்கள் சாப்பாடு, வண்டி, கூடாரம், வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர்கள் எல்லாரும் அடங்க வேண்டும். இரண்டு பேர் ஏறினாலே கூட எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். அந்தக் கணக்கு எங்கே இடிக்கும் என்றால் சுமை தூக்குபவர் கூலியில்தான். என் முதல் பயணத்தில் இதை நேரில் பார்த்தேன். ஹோரோம்போவில் காலை ஏழு மணி, தரையில் உறைபனி, என் பையைத் தூக்கி வந்த பையனின் கான்வாஸ் ஷூவில் அடிப்பாகம் வாய் பிளந்து, நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. கயிறு கல்லில் உரசி அறுந்து போகும்போதெல்லாம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தான். நான் மலிவாக வாங்கிய பயணத்தின் மிச்ச விலையை அவன் கொடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு என் தலைவலியைவிட அது அதிகம் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் இரண்டாம் தடவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வழியைத் தேர்ந்தெடுத்ததைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டேன். கிளிமஞ்சாரோ சுமை தூக்குபவர் உதவித் திட்டம் என்று ஒன்று மோஷி நகரில் இருக்கிறது, கேபிஏபி என்பார்கள். கூலி ஒழுங்காகப் போகிறதா, மூன்று வேளை சாப்பாடு உண்டா, படுக்கத் தகுந்த கூடாரம் உண்டா, சுமை 20 கிலோவைத் தாண்டுகிறதா என்று கண்காணித்து, சரியாக நடத்துகிற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. தங்கையின் அட்டவணையில் இருந்த நிறுவனங்களை முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிடச் சொன்னேன். ஏழில் மூன்று மிஞ்சியது. சுமை தூக்குபவரை நன்றாக நடத்துகிற நிறுவனம் வழிகாட்டிக்கும் நல்ல சம்பளம் தரும், நல்ல சம்பளம் வாங்குகிற வழிகாட்டி அங்கேயே நிலைத்து அனுபவம் சேர்த்திருப்பார், கில்மன் முனையில் என் கையைப் பிடித்துத் திருப்ப அப்படிப்பட்ட ஒருவர்தான் வேண்டும். எனக்கு முதல் தடவை அது அதிர்ஷ்டத்தால் அமைந்தது.

மிஞ்சிய மூன்று நிறுவனங்களுக்கும் எழுதிக் கேட்கச் சொன்ன கேள்விகள்: உச்சி ராத்திரியில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? ஒருவர் இறங்க வேண்டி வந்தால் மற்றவரோடு யார் மேலே போவார்? ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கும், கூடவே வருமா முகாமில் கிடக்குமா? காலையும் மாலையும் விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு பார்த்துக் குறித்துவைப்பார்களா? அப்புறம், டிப்ஸ் எப்படிப் பிரிக்கப்படும், சுமை தூக்குபவர் கைக்கு எவ்வளவு போகும் என்று எல்லார் முன்னாலும் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அந்த நிறுவனம் வேண்டாம். டிப்ஸ் என்பது அங்கே விருப்பம் போலக் கொடுப்பதல்ல, பயணச் செலவின் ஒரு பகுதி. ஆளுக்கு 250 முதல் 350 டாலர் வரை தனியாக எடுத்துவைத்துக்கொண்டு போங்கள்.

வெற்றி விகிதம் 95, 98 என்று நிறுவனங்கள் போட்டுக்கொள்வதை வைத்து ஒப்பிடாதீர்கள். கில்மன் முனைக்கும், அதே விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா முனைக்கும்கூடச் சான்றிதழ் உண்டு, அதையே உச்சி என்று கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் பெயரும் முதல் தடவை அப்படி யாரோ ஒருவரின் வெற்றிக் கணக்கில் ஏறியிருக்கலாம்.

தெரியாதவர்களோடு குழுவில் சேர்வதா, தனியாக இரண்டு பேர் மட்டும் போவதா என்பதில் எனக்குப் பெரிய சாய்வு இல்லை. குழு மலிவு, மேசையில் பேச ஆள் இருக்கும். ஆனால் நடை வேகம் ஒத்துப்போகாவிட்டால் வேகமாக நடப்பவர்களைப் பிடிக்கப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. 'போலே போலே' என்று வழிகாட்டிகள் நூறு தடவை சொல்வார்கள், மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. குழுவில் அதைச் சொல்லத் தயங்குகிற சுபாவம் உள்ளவர்கள் தனியாகப் போவதே நல்லது.

காலத்தைப் பொறுத்தவரை, மார்ச் நடுவிலிருந்து மே வரை பெருமழை, நவம்பரை ஒட்டிச் சிறுமழை. ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை நல்ல நாட்கள். முழுநிலா நாளில் உச்சி ஏறுவது அழகுதான், வெள்ளைப் பனிப்பாறை நிலவில் தெரியும், ஆனால் அதே நாளுக்கு எல்லாரும் வருவார்கள்.

நாள் கூட்டுவதற்கு இன்னொரு யோசனையும் உண்டு, பலர் இதைப் பார்ப்பதில்லை. கிளிமஞ்சாரோவிலேயே ஒன்பது நாள் இருப்பதற்குப் பதிலாக, முதலில் அருஷா தேசியப் பூங்காவில் இருக்கும் மேரு மலையை மூன்று நான்கு நாளில் ஏறி, 3,570 மீட்டர் குடிலில் படுத்து, 4,500 மீட்டரைத் தாண்டிய உச்சியைத் தொட்டுவிட்டு, ஒரு நாள் இளைப்பாறி, பிறகு கிளிமஞ்சாரோ. அங்கே காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் துப்பாக்கியோடு வனக்காவலர் கூட வருவார். பழகிய உடம்போடு வருவதால் ஏழு நாள் மச்சாமேகூட எட்டு நாள் லெமோஷோ போல இலகுவாகிவிடும். ஆனால் மொத்தம் பன்னிரண்டு நாளாவது வேண்டும்.

மாத்திரை பற்றியும் தங்கை கேட்டிருந்தாள். அசிட்டசோலமைட், டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, உயர நோயைத் தடுக்க உதவுகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும், மற்றவர்களும் பேசிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விரல் நுனி சுருசுருவென்று இருக்கும், ராத்திரியில் இரண்டு மூன்று தடவை கூடாரத்தைவிட்டு வெளியே போக வேண்டி வரும். ஒன்று மட்டும் அவளுக்கு அழுத்தி எழுதினேன்: மாத்திரை இருக்கிறதே என்று நாளைக் குறைக்காதே. முதல் தடவை நானும் மாத்திரை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாராஃபுவிலிருந்து உச்சிக்கு 1,200 மீட்டருக்கு மேல் ஏறி, அன்றைக்கே 3,100 மீட்டர் ம்வேகா முகாமுக்கு இறங்க வேண்டும், ஒரே நாளில் ஏறக்குறைய 2,800 மீட்டர் இறக்கம். தூங்காத உடம்பு, சரளையில் சறுக்குகிற கால், முழங்கால் இரண்டும் நெருப்பாக இருக்கும். உறைந்த சரளை ராத்திரியில் கெட்டியாக இருக்கும் என்பதால்தான் நள்ளிரவில் கிளம்புவதே, வெயில் ஏறிவிட்டால் அது மணலாகிவிடும். ஊன்றுகோல் இரண்டும் வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வையுங்கள், தண்ணீர் மேற்பரப்பில்தான் முதலில் உறையும், அதனால் மூடிப்பக்கம் அடைபடாது. குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் அந்தக் குழாய் அந்த ராத்திரியில் சீக்கிரமே உறைந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு வலது முழங்காலில் பழைய அடி ஒன்று இருக்கிறது, அதனால் இறக்கம்தான் எனக்குக் கவலை. ம்வேகா இறக்கத்தைவிட மராங்கு வழி இறக்கம் சாய்வு குறைவு, அந்த ஒரு காரணத்துக்காக ஏழு நாள் ரொங்காயை அவர்களுக்கு இரண்டாவதாக எழுதிக் கொடுத்தேன். முதலாவதாக எழுதியது எட்டு நாள் லெமோஷோ, செப்டம்பர் கடைசியில், கேபிஏபி பட்டியலில் உள்ள நிறுவனத்தோடு. இருவருக்கும் சேர்த்து அவள் ஒதுக்கியிருந்த பணம் ஆறு நாள் மச்சாமேயை ஓட்டலோடு எடுக்கப் போதும், எட்டு நாள் லெமோஷோ என்றால் பிறகு போகலாம் என்று வைத்திருந்த சஃபாரியை விட வேண்டும். நேற்று இரவு பேசினாள். சஃபாரியை விட்டுவிட்டார்கள், மாப்பிள்ளை முழங்காலை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டப் போகிறார், மருத்துவர் அந்த இறக்கத்துக்குச் சம்மதித்தால் லெமோஷோ, இல்லையென்றால் ரொங்காய். ராத்திரிகளின் எண்ணிக்கையை மட்டும் இரண்டிலும் குறைக்க மாட்டோம் என்று அவளாகவே சொன்னாள்.